வலிக்காத வாய்ப்புண்ணை அலட்சியம் செய்யாதீர்கள்

பல் மருத்துவப் பிரிவுக்கு வருவோரில் பெரும்பாலோரை இங்கே அழைத்து வருவது வலிதான். இரவெல்லாம் தூங்கவிடாத பல்வலி வந்தால், மறுநாள் காலையிலேயே சீட்டு வாங்க வரிசையில் நிற்கிறார்கள். வலிக்காத தொல்லை என்றால் மாதக்கணக்கில் தள்ளிப்போடுகிறார்கள். ஆனால், வாய் நோய்களில் வலியை மட்டும் அளவுகோலாகக் கொள்வது ஆபத்தானது. கடுமையாக வலிக்கும் சில புண்கள் தாமாகவே ஆறிவிடுகின்றன. உயிருக்கு ஆபத்தான சில நோய்களோ தொடக்கத்தில் வலிப்பதே இல்லை. இவற்றை வேறுபடுத்தி அறிய உதவும் செய்திகளை இங்கே தருகிறோம்.

பற்சொத்தை

நாம் உண்ணும் இனிப்பையும் மாவுப்பொருளையும் வாயிலுள்ள பாக்டீரியாக்கள் அமிலமாக மாற்றுகின்றன. அந்த அமிலம் பல்லின் மேற்பூச்சான எனாமலைக் கரைக்கிறது. எனாமலில் நரம்புகள் இல்லை. ஆகவே இந்தக் கட்டத்தில் வலி தெரியாது. சொத்தை அடுத்த அடுக்கை எட்டும்போது குளிர்ந்த நீரும் இனிப்பும் பட்டால் கூச்சம் உண்டாகும். அப்போதே வந்தால் பல்லை அடைப்பதோடு சிகிச்சை முடிந்துவிடும். பல்லின் கூழை எட்டிய பிறகு வேர் சிகிச்சை தேவைப்படும்.

கடும் வலி சில நாட்களில் தானாக நின்றுவிட்டால், நோய் குணமாகிவிட்டது என்று எண்ண வேண்டாம். பல்லின் கூழ் இறந்துபோவதாலும் வலி நிற்கும். கிருமி வேர்நுனிக்கு இறங்கிச் சீழ் கட்டும். தாடைக்கு அடியில் வீக்கம், காய்ச்சல், வாயைத் திறக்கவோ விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமம் ஆகியவை தோன்றினால், நேரத்தைப் பாராமல் உடனே அவசரச் சிகிச்சைப் பிரிவுக்கு வர வேண்டும்.

வலி மாத்திரையைப் பல்லின் அருகே அடக்கி வைப்பதும், கிராம்பு எண்ணெயை ஈறில் தாராளமாகத் தடவுவதும் சதையைப் புண்ணாக்கும். மேல்தாடைப் பல்லைப் பிடுங்கினால் கண்பார்வை குறையும் என்ற அச்சத்துக்கும் அடிப்படை இல்லை.

ஈறு நோய்

பல் துலக்கும்போது இரத்தம் கசிவது ஈறு அழற்சியின் முதல் அடையாளம். பற்களின்மேல் படியும் மென்மையான படலம் நாளடைவில் காரையாக இறுகி, ஈறைப் பற்களிலிருந்து விலக்குகிறது. கவனிக்காவிட்டால் பற்களைத் தாங்கும் எலும்பு தேய்ந்து, பற்கள் ஆடத் தொடங்குகின்றன. இத்தனையும் பெரும்பாலும் வலியின்றியே நடக்கும். இரத்தம் வருகிறது என்று அந்த இடத்தில் துலக்காமல் விடுவது நோயை வளர்க்கும். காரையை நீக்கினால் பல் ஆட்டம் காணும் என்று பலர் அஞ்சுகிறார்கள். உண்மையில், ஏற்கெனவே எலும்பை இழந்து ஆடிய பல்லைக் காரை மறைத்திருக்கும். அதை நீக்கியதும் ஆட்டம் வெளியே தெரிகிறது.

சர்க்கரை நோய் உள்ளவர்கள் இதில் கூடுதல் கவனம் கொள்ள வேண்டும். கட்டுப்படாத சர்க்கரை ஈறு நோயைத் தீவிரமாக்குகிறது. ஈறு நோயும் சர்க்கரையைக் கட்டுப்படுத்துவதைக் கடினமாக்குகிறது. வலிப்பு நோய்க்கான ஃபெனிடாயின், இரத்த அழுத்தத்துக்கான அம்லோடிபின் போன்ற மருந்துகளால் சிலருக்கு ஈறு தடித்து வளரலாம். அவற்றை நீங்களாகவே நிறுத்த வேண்டாம். எழுதித் தந்த மருத்துவரிடம் தெரிவியுங்கள்.

ஆறும் புண்ணும் ஆறாத புண்ணும்

உதட்டின் உட்புறத்திலும் நாக்கின் ஓரத்திலும் தோன்றும், சிவந்த விளிம்பும் வெளிர்மஞ்சள் நடுப்பகுதியும் கொண்ட சிறு வட்டப் புண்கள் மிகவும் வலிக்கும். ஆயினும் அவற்றுள் பெரும்பாலானவை 2 வாரங்களுக்குள் ஆறிவிடும். அடிக்கடி வந்தால் இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், வைட்டமின் பி12 ஆகியவற்றின் குறைபாடு உள்ளதா என்று பரிசோதிக்க வேண்டும். காரணம் அறியாமல் மாதக்கணக்கில் சத்து மாத்திரை விழுங்குவதில் பயனில்லை.

துடைத்தால் வந்துவிடும் தயிர் போன்ற வெண்மை பெரும்பாலும் பூஞ்சைத் தொற்றாகும். செயற்கைப் பல்செட்டை இரவிலும் கழற்றாதவர்களிடமும், ஆஸ்துமாவுக்கு ஸ்டீராய்டு இன்ஹேலர் பயன்படுத்துவோரிடமும் இது காணப்படுகிறது. இன்ஹேலர் எடுத்தபின் வாய் கொப்பளித்துத் துப்புவது நல்ல தடுப்பு முறை.

கீழ்க்காணும் அறிகுறிகள் இருந்தால், வலி இல்லாவிட்டாலும் தாமதியாது வாருங்கள்:

• 2 வாரங்களுக்கு மேல் ஆறாத புண்
• துடைத்தாலும் போகாத வெண்திட்டு அல்லது செந்திட்டு
• காரம் பட்டால் எரிச்சல், வாய் திறக்கும் அளவு குறைதல்
• வாயில் தடிப்பு, கழுத்தில் கட்டி
• உதட்டில் மரத்துப்போன உணர்வு, காரணமின்றி ஆடும் பல்

வாய் திறக்கும் அளவை வீட்டிலேயே பார்க்கலாம். உங்கள் கையின் நடு மூன்று விரல்களை ஒன்றன்மேல் ஒன்றாக முன்பற்களுக்கு இடையே நுழைக்க முடிய வேண்டும். முடியவில்லை என்றால், பாக்கு மெல்லுவதால் கன்னத்தின் உட்சதை நார்போல் இறுகும் நோயாக இருக்கலாம். இறுகிய சதை பழைய நிலைக்கு முழுமையாகத் திரும்புவதில்லை. இது புற்றுநோயாக மாறும் வாய்ப்பும் உண்டு. புகையிலை சேர்க்காத வெறும் பாக்கு தீங்கற்றது என்று பலர் நம்புகிறார்கள். ஆனால் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, பாக்கையே புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று 2004-இல் வகைப்படுத்தியது.

சந்தேகத்துக்குரிய புண்ணிலிருந்து சிறு துணுக்கை எடுத்துப் பரிசோதிக்க வேண்டும் என்று நாங்கள் கூறும்போது, கத்தி பட்டால் நோய் பரவிவிடும் என்று அஞ்சிச் சிலர் திரும்பிப் போய்விடுகிறார்கள். இப்பரிசோதனையால் புற்றுநோய் பரவுவதில்லை. அந்த இடம் மட்டும் மரத்துப்போக ஊசி போட்டுச் சில நிமிடங்களில் முடித்துவிடுவோம். தொடக்கத்திலேயே கண்டறிந்தால், பெரும்பாலும் சிறிய அறுவையோடு குணப்படுத்த இயலும். தாமதித்தால் தாடையின் ஒரு பகுதியையே அகற்ற நேரலாம். பேச்சும் விழுங்குதலும் பாதிக்கப்படும்.

வீட்டில் செய்ய வேண்டியவை

ஃபுளோரைடு கலந்த பற்பசையால் காலையும் இரவும் துலக்குங்கள். செங்கல் தூளும் கரியும் எனாமலைத் தேய்த்துவிடும். மாதம் ஒருமுறை நல்ல வெளிச்சத்தில் கண்ணாடி முன் நின்று, உதடு, கன்னத்தின் உட்புறம், நாக்கின் இரு ஓரங்கள், நாக்கின் அடிப்பகுதி, அண்ணம் ஆகியவற்றைப் பாருங்கள். பல்செட் அணிந்திருந்தால் கழற்றிவிட்டுப் பாருங்கள்.

முதியோரைப் பராமரிப்போருக்கு ஒரு வேண்டுகோள். வழக்கமாக விரும்பி உண்ணும் குழம்பைப் பெரியவர் ஒதுக்கினாலோ, சோற்றை ஒரு பக்கமாகவே மென்றாலோ, அதை வயதின் பசியின்மை என்று விட்டுவிடாதீர்கள். ஒரு கைவிளக்கைக் கொண்டு அவரது வாய்க்குள் பாருங்கள்.

எங்களிடம் வரும்போது, உட்கொள்ளும் எல்லா மருந்துகளின் சீட்டுகளையும் எடுத்து வாருங்கள். இரத்தம் உறையாமைக்கான மாத்திரைகளை நீங்களாக நிறுத்திவிட்டு வர வேண்டாம். செயற்கை இதய வால்வு பொருத்தியிருந்தால், சிகிச்சை தொடங்கும் முன்பே அதை எங்களிடம் கூறுங்கள்.