நறுக்கிய சில்லிங்கும் நட்டப்பட்ட கடைக்காரனும்

கிழிந்து ஒட்டிய தாள் ஒன்று லாச்சிக்குள் வந்துவிட்டால் நாம் என்ன செய்கிறோம்? நல்ல தாளை வைத்துக்கொண்டு, கிழிந்ததை மிச்சக் காசோடு அடுத்தவருக்குத் தள்ளிவிடப் பார்க்கிறோம். இதே பழக்கம் ஒரு நாட்டின் நாணயத்தையே குலைத்த வரலாறு 17 ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் உண்டு.

அன்று ஒரு பவுணுக்கு 20 சில்லிங், ஒரு சில்லிங்குக்கு 12 பென்ஸ். சில்லிங் என்பது ஏறக்குறைய 6 கிராம் நிறையுள்ள வெள்ளிக் காசு. சம்மட்டியால் அடித்த பழைய காசுகளுக்கு ஒழுங்கான விளிம்பு கிடையாது. எனவே ஓரத்தைக் கத்தரியால் நறுக்கி, சேர்ந்த வெள்ளியை உருக்கி விற்பது ஒரு தொழிலாகவே நடந்தது. பிடிபட்டால் மரண தண்டனை. அப்படியிருந்தும் நிற்கவில்லை. (அளவை நிறுவை மோசடியைக் கண்டிக்கும் அல்முதப்பிபீன் அத்தியாயத்தை ஓதும் நமக்கு இந்த நோய் புதிதல்ல.)

1662 இல் இயந்திரக் காசு வந்தது. பெரிய காசுகளின் விளிம்பில் 'அழகும் பாதுகாப்பும்' என்று பொருள்படும் லத்தீன் எழுத்துக்கள், சிறியவற்றில் கோடுகள். நறுக்கினால் உடனே தெரிந்துவிடும். ஆனால் அரசு பழைய காசை மீளப் பெறவில்லை. அங்கேதான் பிழைத்தது. இரண்டுக்கும் கடையில் ஒரே பெறுமதி என்றால் நிறை குறையாத காசை யார் செலவழிப்பார்? புதுக்காசு பெட்டிக்குள்ளும் உருக்குச் சட்டிக்குள்ளும் மறைந்தது. 1695 அளவில் புழக்கத்திலிருந்த வெள்ளிக் காசின் நிறை, இருக்க வேண்டியதில் ஏறக்குறைய பாதிதான். 20 சில்லிங்குக்கென அடித்த தங்கக் கினி 30 சில்லிங் வரை ஏறியது.

திறைசேரிச் செயலாளர் லௌண்ட்ஸ் ஒரு யோசனை சொன்னார்: வெள்ளியின் அளவை மாற்றாமல், 5 சில்லிங் கிரவுண் காசை 6 சில்லிங் 3 பென்ஸ் என்று கணக்கிடுவோம். தத்துவஞானி ஜோன் லொக் இதை எதிர்த்தார். அப்படிச் செய்தால் 100 பவுண் கடன் கொடுத்தவனுக்கு 80 பவுணின் வெள்ளிதான் திரும்பி வரும் என்பது அவர் பக்க நியாயம். லொக்கின் கட்சியே வென்றது. அவர் வாதத்தில் நேர்மை உண்டு. ஆனால் கடன் கொடுத்தவரின் பேரேட்டைப் பார்த்தவர் சில்லறைக் கடைக்காரனின் லாச்சியைப் பார்க்கவில்லை.

1696 சட்டப்படி, நறுக்கிய காசை மே 4 வரை வரியாகச் செலுத்தினால் முழுப் பெறுமதி கிடைத்தது. பெரிய வரி கட்டும் நிலக்காரர்களும் வசதி படைத்தவர்களும் தப்பித்துக்கொண்டார்கள். அவ்வளவு வரி கட்டாத கூலியாட்களும் சிறு வியாபாரிகளும் கைக்காசை நட்டத்துக்குத் தள்ளினார்கள், அல்லது வெறும் வெள்ளி நிறைக்கு விட்டார்கள். நாணயச்சாலைப் பொறுப்புக்கு ஐசாக் நியூட்டன் வந்ததும், நோர்விச், யோர்க் உட்பட ஐந்து நகரங்களில் கிளைகள் திறந்ததும் அதே ஆண்டில்தான். ஆயினும் அந்தக் கோடையில் கையில் காசில்லாமல் வியாபாரம் கடனிலேயே ஓடியது. சில இடங்களில் கலகமும் மூண்டது. அரசின் நட்டத்தை ஈடுசெய்ய வீட்டு ஜன்னல்களுக்கு வரி போட்டார்கள்.

இவ்வளவு பாடுபட்டு அடித்த புது வெள்ளியும் நாட்டில் தங்கவில்லை. வெளியே வெள்ளிக்கு விலை கூடுதலாக இருந்ததால் அது கப்பலேறியது. 1717 இல் கினியை 21 சில்லிங்காக நிர்ணயித்த பிறகும் அந்த ஓட்டம் நிற்காமல், இங்கிலாந்து மெல்ல மெல்லத் தங்கக் காசின் நாடாகியது.