உப்பு விளையும் கரை

"உப்பிட்டவரை உள்ளளவும் நினை" என்பது நம் முன்னோர் மொழி. உண்ட வீட்டை மறவாதே என்று அதற்குப் பொருள் கொள்கிறோம். ஆனால் அவ்வீட்டுக்கு அந்த உப்பை விளைவித்துக் கொடுத்தவர் யார், எந்த மண்ணில் நின்று எந்த வெயிலில் வாடி அதனைத் திரட்டினார் என்று நினைப்பவர் எத்தனை பேர்? அவர்களைக் காண நாம் வெகுதூரம் செல்ல வேண்டுவதில்லை. புதுச்சேரிக்கு வடக்கே பெரிய முதலியார்சாவடியில் தொடங்கி மரக்காணம் வரை செல்லும் கடற்கரையை ஒருமுறை கருத்தோடு பார்த்து வந்தால் போதும்.

செம்மண், சதுப்பு, மணல்

பெரிய முதலியார்சாவடி விழுப்புரம் மாவட்டம் வானூர் வட்டத்தைச் சேர்ந்த ஊர். வழிப்போக்கர் தங்கி இளைப்பாறும் இடமே சாவடி. இன்று கிழக்குக் கடற்கரைச் சாலையில் விரையும் வாகனங்கள் அங்கே இளைப்பாறுவதில்லை. சாலைக்குக் கிழக்கே கடலும் மீனவர் குடியிருப்பும் உள்ளன. மேற்கே நிலம் மெல்ல உயர்ந்து செம்மண் மேடாகிறது. 1968 பிப்ரவரி 28 அன்று ஆரோவில் தொடங்கப்பட்டது அம்மேட்டில்தான். முந்திரியும் சவுக்கும் அங்கே செழிக்கின்றன. இன்னும் மேற்கே திருவக்கரையில், கல்லாய் மாறிய மரங்கள் கிடக்கின்றன. அவை ஏறத்தாழ 2 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்டவை என்பர் நிலவியலார்.

செம்மண் மேட்டுக்கு வடக்கே நிலம் தாழ்ந்து, பரந்த சதுப்பாகிறது. அதுவே கழுவேலி. மழைக்காலத்தில் பல ஏரிகளின் உபரிநீர் வந்து சேர, அது நன்னீர்ப் பரப்பாக விளங்கும். கோடையில் எடையன்திட்டுக் கழிமுகம் வழியே கடல்நீர் ஏறி, உவர்நிலமாக மாறும். தென்னிந்தியாவின் உவர்நீர் ஏரிகளுள் பழவேற்காட்டுக்கு அடுத்துப் பெரியது என இதனைக் கூறுவர். பூநாரையும் கூழைக்கடாவும் இங்கே இரை தேடுகின்றன. 2021 டிசம்பரில் தமிழ்நாடு அரசு இதில் 5,151 ஹெக்டேர் பரப்பைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்தது. 2024 ஆகஸ்டில் உலக முக்கியத்துவம் வாய்ந்த ராம்சார் ஈரநிலங்களின் பட்டியலிலும் அது இடம்பெற்றது.

சதுப்புக்கும் கடலுக்கும் இடையே மரக்காணத்தின் உப்பளங்கள் ஏறத்தாழ மூவாயிரம் ஏக்கரில் வெண்மையாகப் பரந்துள்ளன. தமிழகத்தில் உப்பு என்றதும் தூத்துக்குடியும் வேதாரண்யமும் நினைவுக்கு வரும். அவற்றை அடுத்து எண்ணத்தக்கது மரக்காணமே.

பழம்பெருமை

இக்கரைக்குப் புகழ் புதிதன்று. ஓய்மாநாட்டை ஆண்ட நல்லியக்கோடனைப் போற்றும் சிறுபாணாற்றுப்படையில் எயிற்பட்டினம் என்னும் கடற்கரை நகர் பேசப்படுகிறது. அது இன்றைய மரக்காணமே என்பது அறிஞர் பலரின் கருத்து. உப்பை வண்டியேற்றி உள்நாட்டுக்குக் கொண்டுசென்று நெல்லுக்கு மாற்றிய வணிகரைச் சங்க நூல்கள் உமணர் என்றழைக்கின்றன. மரக்காணத்துப் பூமீசுவரர் கோயிலில் சோழர் காலக் கல்வெட்டுகள் உள்ளன. சற்று வடக்கே ஆலம்பரையில் இடிந்த கோட்டையொன்றைக் காணலாம். 1750-இல் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்த அத்துறைமுகக் கோட்டையை 1760-இல் ஆங்கிலேயர் கைப்பற்றி இடித்தனர்.

1876 முதல் 1878 வரை தென்னாட்டை வாட்டிய கொடும்பஞ்சத்தில், பசித்தோர்க்கு வேலையளிக்கும் பொருட்டுக் கால்வாய்ப் பணிகள் நடைபெற்றன. அன்றைய சென்னை ஆளுநரின் பெயரால் பக்கிங்காம் கால்வாய் என வழங்கும் அந்நீர்வழிக்குத் தெற்கெல்லை மரக்காணம். உப்பும் விறகும் அதன்வழியே படகேறிச் சென்னைக்குச் சென்றன. அக்காலத்தில் உப்புக்கு வரி இருந்தது. 1930-இல் காந்தியடிகள் தண்டியிலும் இராஜாஜி வேதாரண்யத்திலும் உப்பெடுத்தது அவ்வரியை எதிர்த்தே. 1947-இல் வரி ஒழிந்தது. உப்பு விளைவிப்போரின் துன்பம் மட்டும் அதனோடு ஒழியவில்லை.

உப்பு விளையும் விதம்

ஆயிரம் லிட்டர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிலோ உப்புப் பொருள்கள் கரைந்திருக்கும். அந்நீரைத் தேக்கி, பாத்திக்குப் பாத்தி மாற்றி, வெயிலிலும் காற்றிலும் வற்றச் செய்கின்றனர். செறிவு 25 டிகிரியை எட்டும்போது உப்புப் படியத் தொடங்கும். ஏறத்தாழ 30 டிகிரியைத் தாண்ட விட்டால் கசப்பான பிற உப்புகளும் கலந்துவிடும். ஆகவே நாள் பார்த்து வார வேண்டும். அதற்கு முன்பே, பாத்தியின் களிமண் தரையை நீர் கசியாதபடி காலால் மிதித்துக் கெட்டிப்படுத்த வேண்டும். ஆடவர் நீண்ட கோலில் பொருத்திய பலகையால் உப்பை வாரி வரப்போரம் சேர்க்க, பெண்கள் அதனைக் கூடையில் சுமந்து குவியலாக்குகின்றனர். வெயிலின் வெம்மை மேலிருந்து சுடும். உப்பின் வெண்மை கீழிருந்து கண்ணைக் கூச வைக்கும். காலில் ஒரு சிறு கீறல் இருந்தாலும் உப்புநீர் அதை ஆறவிடாது.

இவ்வேலை ஜனவரி முதல் செப்டம்பர் வரையே. அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்கினால் பாத்திகள் நீரில் மூழ்கும், கூலியும் நின்றுவிடும். ஒருமுறை அளத்துக்குச் சென்றிருந்தபோது மூதாட்டி ஒருவர் என்னிடம், "மழை வந்தா எங்க கைக்கு லீவு, சாமி. வயித்துக்கு லீவு இல்லையே" என்றார். நான் பதில் கூற அறியாது நின்றேன்.

புயலும் கடலரிப்பும்

2004 டிசம்பர் 26-இன் ஆழிப்பேரலை இக்கரையின் மீனவர் குடியிருப்புகளை வாரிச் சென்றது. 2011 டிசம்பர் 30-இல் தானே புயல் வீசியது. 2024 நவம்பர் 30-இல் புதுச்சேரி அருகே கரைகடந்த பெஞ்சல் புயலின் பெருமழையில் மரக்காணத்து உப்பளங்கள் வெள்ளக்காடாயின. இவற்றோடு ஓசையின்றி நடக்கும் அழிவு ஒன்றும் உண்டு. இக்கடலில் மணல் பெரும்பாலும் தெற்கிலிருந்து வடக்கே நகர்வது இயல்பு. 1980-களின் இறுதியில் புதுச்சேரித் துறைமுகத்துக்கென எழுப்பிய அலைத்தடுப்புச் சுவர்கள் அம்மணலைத் தடுத்தன. அதனால் வடக்கிலுள்ள கரைகள் அரிக்கப்பட்டன. ஒரு காலத்தில் படகு ஏற்றி வைத்து வலை உலர்த்திய மணற்பரப்பு, அலைக்குள் போனதைக் கண்டவர்கள் அங்கே இன்றும் வாழ்கின்றனர்.

நினைத்தல் என்பது

இலத்தீன் மொழியில் ஊதியத்தைக் குறிக்கும் 'சலாரியும்' என்னும் சொல், உப்பைக் குறிக்கும் 'சால்' என்னும் சொல்லினின்று பிறந்தது. நம் 'சம்பளம்' என்னும் சொல்லும் நெல்லையும் உப்பையும் கூலியாக அளந்த பழக்கத்தால் வந்தது என்பர். உலகத்தார் ஊதியத்துக்கே உப்பின் பெயரை இட்டிருக்க, உப்பை விளைவிப்பவர் ஆண்டில் மூன்று மாதம் ஊதியமின்றி இருப்பது எவ்வளவு பெரிய முரண்!

2022-இல் தமிழ்நாடு அரசு உப்பளத் தொழிலாளர் குடும்பங்களுக்கு மழைக்கால நிவாரணமாக 5,000 ரூபாய் வழங்கத் தொடங்கியது. நல்ல தொடக்கம்தான். எனினும் மூன்று மாதங்களுக்கு அதனைப் பகிர்ந்தால், ஒரு நாளைக்கு ஐம்பத்தைந்து ரூபாய்கூடத் தேறாது. எஞ்சியதைக் கடனே நிரப்புகிறது. ஜனவரியில் பாத்தி மிதிக்க இறங்கும்போதே, வரப்போகும் கூலியில் ஒரு பங்கு வட்டிக்கெனப் போய்விட்டிருக்கும்.

எனவே, அன்பர்களே, உப்பிட்டவரை நினைப்பதென்றால் வாயால் புகழ்வது மட்டுமன்று. மழைக்காலத்துக்கென்று வேறொரு கைத்தொழில், வட்டிக்கு அஞ்சாத சிறுசேமிப்பு, பள்ளியிலிருந்து நின்றுவிடாத பிள்ளைகள் ஆகிய மூன்றும் அவர்களுக்குத் தேவை. இவற்றுள் ஒன்றுக்கேனும் துணைநிற்க நம் ஒவ்வொரு குடும்பத்தாலும், ஒவ்வொரு சங்கத்தாலும் இயலும். அவர்கள் கை விளைவித்த உப்பு ஆண்டு முழுவதும் நம் அடுப்படியில் இருக்கிறது. ஐப்பசியிலும் கார்த்திகையிலும் அவர்கள் அடுப்பில் உலை கொதிக்கிறதா என்று கேட்கும் கடமை நமக்கு உண்டு.