நிரை முழுவதும் ஒரே மதிப்பாக: போஸ்ட்கிரெஸ்கியூஎல்லில் கூட்டு வகையும் வெற்று மதிப்புச் சோதனையும்

உறவுநிலைத் தரவுத்தளத்தில் அட்டவணையின் பெயர், தரவு இருக்கும் இடத்தை மட்டுமே சுட்டுவதாகப் பெரும்பாலும் கருதப்படுகிறது. போஸ்ட்கிரெஸ்கியூஎல்லில் அது ஒரு தரவு வகையின் பெயருமாகும். அட்டவணை உருவாக்கப்படும்போதே, அதன் நிரல்களை உறுப்புகளாகக் கொண்ட கூட்டு வகை ஒன்று அதே பெயரில் தானாக அமைகிறது. பெர்க்லியில் 1986இல் ஸ்டோன்பிரேக்கர் தலைமையில் தொடங்கிய போஸ்ட்கிரெஸ் திட்டம் தரவு வகைகளின் விரிவாக்கத்திற்கு அளித்த முதன்மை இங்குப் புலப்படுகிறது.

எண், தலைப்பு, படியெடுத்த ஆண்டு என்னும் மூன்று நிரல்களைக் கொண்ட 'சுவடி' அட்டவணையை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். 'செலக்ட்' கூற்றில் உடுக்குறி இட்டால் மூன்று நிரல்கள் கிடைக்கும். 'சுவடி' என்ற பெயரையே இட்டால் நிரை முழுவதும் ஒரே மதிப்பாக, (13,நிகண்டு,) என்பதுபோல் வரும். இறுதிக் காற்புள்ளிக்குப் பின்னுள்ள வெறுமை, ஆண்டு பதிவாகவில்லை என்பதைக் காட்டுகிறது. 'சுவடி' என்றே ஒரு நிரலும் இருப்பின் நிரலுக்கே முன்னுரிமை. பெயரிடும்போது இது நினைவில் இருத்தல் நலம். கூட்டு மதிப்பைத் தரும் சார்பொன்றை 'செலக்ட்' பகுதியிலேயே உடுக்குறியால் விரித்தால், ஒவ்வொரு நிரலுக்கும் ஒருமுறை அச்சார்பு இயக்கப்படக்கூடும். அதனை 'ஃப்ரம்' பகுதிக்கு மாற்றுவதே முறை.

பெருஞ்சிக்கல் வெற்று மதிப்பைச் சோதிப்பதில் எழுகிறது. உறுப்புகள் அனைத்தும் வெறுமையாயின் மட்டுமே நிரை 'இஸ் நல்' சோதனையில் தேறும். அனைத்தும் நிரம்பியிருந்தால் மட்டுமே 'இஸ் நாட் நல்' சோதனையில் தேறும். மேற்கண்ட நிகண்டு நிரை இரண்டிலும் தேறாது. ஒன்றின் மறுப்பு மற்றொன்று என்ற பழகிய ஏரணம் இங்குச் செல்லாது.

இதன் விளைவு ஆய்வு முடிவையே பாதிக்கும். சுவடிகளைப் 'பதிப்பு' என்னும் அட்டவணையுடன் இடப்புற இணைப்பால் சேர்த்து, அச்சேறியவற்றை மட்டும் பிரிக்க ஒருவர் 'பதிப்பு இஸ் நாட் நல்' என எழுதுவதாகக் கொள்வோம். பதிப்பாண்டு மட்டும் விடுபட்ட நூலும் பட்டியலிலிருந்து நீங்கிவிடும். பிழைச்செய்தி ஏதும் எழாது. அச்சான நூல் அச்சாகாததாகக் கணக்கில் ஏறும். அதே இணைப்பில் 'கவுண்ட்' சார்பிற்குப் 'பதிப்பு' என்பதைத் தந்தாலோ அந்நூலும் எண்ணப்படும். ஏனெனில் அச்சார்பு உறுப்புகளை ஆராயாது, நிரை என்னும் மதிப்பு உண்டா என்பதை மட்டுமே நோக்குகிறது. ஒரே தரவிலிருந்து இரு வேறு எண்ணிக்கைகள் வருவதற்குக் காரணம் இதுவே. நிரையின் இருப்பை மட்டும் அறிய 'இஸ் டிஸ்டிங்க்ட் ஃப்ரம் நல்' என்ற தொடர் உள்ளது. பதிப்பு அட்டவணையின் முதன்மைத் திறவியைச் சோதிப்பது அதனினும் எளிது, படிப்போர்க்கும் தெளிவு.