உளவுத்துறைக்குத் தலைவர் உண்டு, சட்டம் உண்டா?

2025 பிப்ரவரி 12 அன்று அமெரிக்க செனட் சபை, 52க்கு 48 என்ற வாக்குக் கணக்கில், துளசி கப்பார்டைத் தேசிய உளவுத்துறை இயக்குநராக ஏற்றுக்கொண்டது. அவர் இந்து மதத்தைப் பின்பற்றுபவர் என்பதால் இங்குள்ள ஊடகங்கள் சில அதனைக் கொண்டாடின. அவர் எந்த மதத்தவர் என்பதல்ல நமது கேள்வி. அரசியல்வாதி ஒருவரின் கையில் உளவு அதிகாரம் சேரும்போது என்ன நிகழ்கிறது என்பதே நமது அக்கறை.

21 வயதில் ஹவாய் மாநிலச் சட்டமன்றத்திற்குத் தேர்வானவர் கப்பார்ட். பின்னர் ராணுவப் பிரிவுடன் ஈராக் சென்றார். 2013 முதல் 2021 வரை ஜனநாயகக் கட்சியின் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தார். 2020இல் குடியரசுத் தலைவர் வேட்பாளராகவும் முயன்றார். 2022இல் அக்கட்சியிலிருந்து விலகி, 2024இல் டிரம்பை ஆதரித்துக் குடியரசுக் கட்சியில் இணைந்தார். 18 உளவு அமைப்புகளை ஒருங்கிணைக்கும் பதவி அதன்பின் அவரைத் தேடி வந்தது.

கட்சி மாறியதைவிட நாம் கவனிக்க வேண்டியது வேறொரு மாற்றம். வெளிநாட்டவரின் தகவல் தொடர்புகளைத் தனித்தனி நீதிமன்ற ஆணையின்றித் திரட்ட அனுமதிக்கும் 702ஆம் பிரிவை நீக்கக் கோரி, 2020இல் மசோதா கொண்டுவந்தவர் அவர். பதவிக்குப் பரிந்துரைக்கப்பட்ட பின்னர், 2025 ஜனவரியில், அதே பிரிவு இன்றியமையாதது என்றார். ஈரான் அணுகுண்டு தயாரிக்கவில்லை என்ற உளவுத்துறையின் மதிப்பீட்டை அவ்வாண்டு மார்ச்சில் செனட் குழுவிடம் அவர் எடுத்துரைத்தார். ஜூனில் அவர் கூறியது தவறு என்று டிரம்ப் பகிரங்கமாகச் சொன்னார். சில நாட்களிலேயே கப்பார்டின் குரலும் மாறியது.

எனினும், அங்கே அந்தப் பதவி 2004ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவாக்கப்பட்டது. நியமனத்திற்கு முன் பகிரங்க விசாரணை நடக்கிறது. பதவியில் இருப்பவர் நாடாளுமன்றக் குழுக்களின் முன் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. அவருடைய தடுமாற்றம் உலகுக்குத் தெரிந்ததே இந்த ஏற்பாடுகளால்தான்.

இந்தியாவில் பயணம் எதிர்த்திசையில் நடக்கிறது: உளவு அதிகாரிகள் அரசியல் பதவிக்கு வருகிறார்கள். 1980 முதல் 1983 வரை மத்திய உளவுத்துறையான ஐ.பி.யின் தலைவராக இருந்த தமிழர் டி.வி.ராஜேஸ்வர் பின்னர் சிக்கிம், மேற்கு வங்கம், உத்தரப்பிரதேசம் ஆகியவற்றின் ஆளுநரானார். ஐ.பி. இயக்குநராக இருந்த எம்.கே.நாராயணன் தேசியப் பாதுகாப்பு ஆலோசகராகி, 2010இல் மேற்கு வங்க ஆளுநரானார். ஐ.பி.யில் பணியாற்றிய ஆர்.என்.ரவி 2021 செப்டம்பரில் கிண்டி ஆளுநர் மாளிகைக்கு வந்தார். தேர்ந்தெடுக்கப்பட்ட சட்டமன்றம் இயற்றிய 10 மசோதாக்களுக்கு அவர் ஒப்புதல் தராத வழக்கில்தான் 2025 ஏப்ரல் 8 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

இத்தகையோரை உருவாக்கும் ஐ.பி. 1887இல் காலனி அரசு தொடங்கிய அமைப்பின் வழிவந்தது. அதன் அதிகாரங்களையும் வரம்புகளையும் வரையறுக்கும் தனிச் சட்டம் இன்றுவரை இல்லை. 2011இல் மணிஷ் திவாரி மக்களவையில் கொண்டுவந்த தனிநபர் மசோதா சட்டமாகவில்லை. ஒட்டுக்கேட்பதற்கான ஆணையைப் பிறப்பிப்பவரும் அரசு அதிகாரி. அதைப் பரிசீலிப்பவர்களும் அரசு அதிகாரிகள். நீதிபதிக்கு அங்கே இடமில்லை.

இதன் விலையை முதலில் கொடுப்பவர்கள் யார்? ஆனந்த் டெல்டும்டே பீமா கோரேகான் வழக்கில் 2020 ஏப்ரல் 14 அன்று, அண்ணல் அம்பேத்கர் பிறந்தநாளில், கைது செய்யப்பட்டார். பெகாசஸ் உளவு மென்பொருளின் இலக்காக வெளியான பெயர்களிலும் அவர் பெயர் இருந்தது. அடையாற்றை ஒட்டிய சென்னை ஐ.ஐ.டி.யில் 2015 மே மாதம் அம்பேத்கர் பெரியார் படிப்பு வட்டத்தின் அங்கீகாரம் பறிக்கப்பட்டதற்கு, பெயரில்லாத ஒரு புகார்க் கடிதமே தொடக்கம். மத்திய அமைச்சகம் அதனை அனுப்பிவைத்தது. நிர்வாகம் நடவடிக்கை எடுத்தது. நாடெங்கும் எழுந்த எதிர்ப்புக்குப் பின் ஜூனில் அங்கீகாரம் திரும்பியது. யார் புகார் சொன்னார் என்பதே தெரியாமல் தண்டனை வரும் இடத்தில், சாதியை எதிர்த்துப் பேசுவதே சந்தேகத்திற்குரிய செயலாகிவிடுகிறது.

நம் கையில் கருவிகள் இல்லாமலில்லை. தனியுரிமை அடிப்படை உரிமை என்கிறது 2017ஆம் ஆண்டுப் புட்டசாமி தீர்ப்பு. குற்றத்தைக் கண்டுபிடிப்பதற்காக மட்டும் ரகசியமாகத் தொலைபேசியை ஒட்டுக்கேட்க முடியாது என்று 2025 ஜூலை 2 அன்று சென்னை உயர் நீதிமன்றம் ஒரு ஒட்டுக்கேட்பு ஆணையை ரத்து செய்தது. தகவல் உரிமைச் சட்டத்தின் 24ஆம் பிரிவு ஐ.பி.க்கு விலக்கு அளித்தாலும், மனித உரிமை மீறல் குற்றச்சாட்டு தொடர்பான தகவலுக்கு அந்த விலக்கு பொருந்தாது. மத்தியத் தகவல் ஆணையத்தின் ஒப்புதலுடன் 45 நாட்களுக்குள் அதனைத் தர வேண்டும். மாணவர் அமைப்புகள் இந்த வழியைப் பயன்படுத்த வேண்டும்.

அரசியலில் தனிமனித பக்தி சர்வாதிகாரத்திற்கு இட்டுச்செல்லும் என்று 1949 நவம்பர் 25 அன்று அரசியல் நிர்ணய சபையில் அண்ணல் எச்சரித்தார். உளவுத்துறைக்கும் அது பொருந்தும். நேற்று கண்காணிப்பை எதிர்த்தவர் இன்று அதனைக் காக்கிறார் என்றால், நல்லவர் ஒருவர் தலைவராக வருவார் என்று காத்திருப்பதில் பொருளில்லை. நாம் கேட்க வேண்டியவை மூன்று: உளவு அமைப்புகளுக்கு ஒரு சட்டம், நாடாளுமன்றத்தின் மேற்பார்வை, ஒட்டுக்கேட்கும் முன் நீதிபதியின் அனுமதி.