கறுப்பு வெள்ளைப் படங்களுக்கு எந்த மானிட்டர் வாங்கலாம்?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் பலரும் ஆசையோடு தொடங்கும் ஒரு வேலை, வீட்டிலுள்ள பழைய கறுப்பு வெள்ளைப் புகைப்படங்களை ஸ்கேன் செய்து சரிப்படுத்துவது. நானும் அப்படித்தான் தொடங்கினேன். என் தாத்தா கறுப்புக் கோட்டு அணிந்து எடுத்துக்கொண்ட படம் எங்கள் குடும்பத்தில் ஒன்றே ஒன்றுதான் உள்ளது. பெரியப்பாவிடம் வாங்கி வந்து ஸ்கேன் செய்தேன். என் மானிட்டரில் கோட்டு வெளிறிய சாம்பலாகத் தெரிந்தது. எடிட்டிங் புரோகிராமில் அதை நன்றாகக் கறுப்பாக்கி, அதே ஃபைலிலேயே சேவ் செய்து, பிரிண்டுக்குக் கொடுத்தேன். பிரிண்டில் கோட்டின் பொத்தானும் இல்லை, மடிப்பும் இல்லை. கழுத்துக்குக் கீழே ஒரே கருமை! ஸ்கேன் சரியாகத்தான் இருந்தது. மானிட்டர்தான் என்னை ஏமாற்றிவிட்டது.

ஏன் இப்படி ஆகிறது?

சாதாரண 8 பிட் மானிட்டரில் சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றுக்கும் 256 படிகள் உண்டு. இவை கலந்து சுமார் 1 கோடியே 67 லட்சம் வண்ணங்கள் கிடைக்கின்றன. ஆனால் சாம்பல் நிறத்தில் மூன்றும் ஒரே அளவில் இருக்க வேண்டும். எனவே கறுப்பு முதல் வெள்ளை வரை மொத்தமே 256 படிகள்தான். இதில் இருட்டுப் பக்கம் 20 படிகள் தெரியாமல் போனாலும் தலைமுடி, கோட்டு, நிழல் எல்லாம் போய்விடும். மூன்று நிறங்களின் சமநிலை சற்றே பிசகினாலும் சாம்பலில் பச்சையோ இளஞ்சிவப்போ ஏறிவிடும். வண்ணப்படத்தில் மறைந்துவிடும் இக்குறை இங்கே பளிச்சென்று தெரியும்.

எந்த வகை பேனல்?

டி.என். பேனல் விலை குறைவு. ஆனால் தலையைச் சற்று ஏற்றி இறக்கினாலே கருமை மாறும். என்னுடையது இந்த வகைதான். வி.ஏ. பேனலில் கறுப்பு ஆழமாக இருக்கும். கான்ட்ராஸ்ட் 3000:1 அளவில் கிடைக்கும். ஆனால் நேராகப் பார்க்கும்போது இருண்ட பகுதியின் நுணுக்கங்கள் அமுங்கக்கூடும். ஐ.பி.எஸ். பேனலில் கான்ட்ராஸ்ட் பெரும்பாலும் 1000:1 அளவுதான் என்றாலும், எந்தக் கோணத்திலும் சாம்பல் படிகள் அதிகம் மாறுவதில்லை. என் சிபாரிசு இதுவே. அடோபி ஆர்.ஜி.பி. போன்ற விரிந்த வண்ண எல்லைக்காகக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டாம். கறுப்பு வெள்ளைக்கு அதனால் பயனில்லை.

கடையிலேயே சோதியுங்கள்

பெயின்ட் புரோகிராமில் கறுப்புப் பின்னணியில் ஆறு கட்டங்கள் வரையுங்கள். வண்ணத்தை மாற்றும் பகுதியில் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றுக்கும் ஒரே எண்ணைக் கொடுத்து 5, 10, 15, 20, 25, 30 என நிரப்புங்கள். அடுத்து வெள்ளைப் பின்னணியில் 225 முதல் 250 வரை இதேபோல் ஆறு கட்டங்கள். பி.என்.ஜி. ஃபைலாகச் சேவ் செய்து பென் டிரைவில் கொண்டுசெல்லுங்கள். கடைக்காரரிடம் மானிட்டரை எஸ்.ஆர்.ஜி.பி. மோடில் வைக்கச் சொல்லிப் பாருங்கள். 5, 250 ஆகிய கட்டங்கள் மங்கலாகத் தெரியலாம். மற்றவை தனித்தனியே, நிறச்சாயல் இன்றித் தெரிய வேண்டும்.

வீட்டுக்கு வந்ததும்

காமா 2.2, வண்ண வெப்பநிலை 6500 கெல்வின் என வையுங்கள். டைனமிக் கான்ட்ராஸ்ட், விண்டோஸின் நைட் லைட் இரண்டையும் நிறுத்துங்கள். புது மானிட்டரில் பிரைட்னஸ் மிக அதிகமாக இருக்கும். அறை வெளிச்சத்தில் ஒரு வெள்ளைத் தாளைத் திரைக்குப் பக்கத்தில் பிடித்து, திரையின் வெள்ளையும் தாளும் ஒத்துப்போகும் வரை குறையுங்கள். பிரிண்ட் இருண்டு வருவதற்குப் பெரும்பாலும் காரணம் இந்த பிரைட்னஸ்தான். எச்.டி.எம்.ஐ. கேபிளில் இணைத்திருந்தால், கிராபிக்ஸ் செட்டிங்கில் 'லிமிடெட்' என்பதற்குப் பதில் 'ஃபுல்' ரேஞ்ச் உள்ளதா என்றும் பாருங்கள்.

பெரியப்பாவிடம் மீண்டும் போய் நின்று, படத்தை இரண்டாம் முறை ஸ்கேன் செய்தேன். இம்முறை ஒரிஜினல் ஃபைலைத் தொடாமல், காப்பியில்தான் வேலை செய்தேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள். இப்போது எங்கள் வீட்டுச் சுவரில் இருக்கும் படத்தில் தாத்தா கோட்டின் ஐந்து பொத்தான்களையும் எண்ணிவிடலாம்.