பத்துக் கிலோ குழந்தைக்கு எத்தனை மருந்து?

மயிலாப்பூரிலோ, தியாகராய நகரிலோ, அடையாறிலோ நள்ளிரவில் ஒரு குழந்தைக்கு மூச்சுத் திணறுகிறது. பெற்றோர் எங்கே ஓடுவார்கள்?

எழும்பூரில் அரசாங்கக் குழந்தைகள் ஆஸ்பத்திரி இருக்கிறது. நுங்கம்பாக்கத்தில், 1978இல் தொடங்கிய காஞ்சி காமகோடி சைல்ட்ஸ் டிரஸ்ட் ஆஸ்பத்திரி இருக்கிறது. ஆனால் மூச்சு முட்டும் குழந்தை அதுவரை தாங்குமா? பக்கத்தில் எந்த ஆஸ்பத்திரி திறந்திருக்கிறதோ, அங்கேதான் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். அதுவே சரி. ஆகவே பெரியவர்களையே பார்த்துப் பழகிய அவசர சிகிச்சைப் பிரிவும் குழந்தைக்குத் தயாராக இருந்தாக வேண்டும்.

மூச்சுக்குழலில் செலுத்தும் குழாயைப் பாருங்கள். பெரியவருக்கு ஏழு, எட்டு மில்லிமீட்டர் அகலம். இரண்டு வயதுக் குழந்தைக்கு நாலரை. சிறு குழாய் விலை அதிகமில்லை. ஆனால் அது பூட்டிய அலமாரியில் இருந்து, சாவி யாரிடம் என்று தேடினால் என்ன பயன்?

மருந்து விஷயம் இன்னும் கடுமை. இதயம் நின்றுவிட்டால் பெரியவருக்கு 1 மில்லிகிராம் அட்ரினலின் போடுவார்கள். பத்துக் கிலோ குழந்தைக்கு 0.1 மில்லிகிராம்தான். புள்ளி இடம் மாறினால் பத்து மடங்கு!

எடை தெரிந்தால்தான் அளவு தெரியும். உயிருக்குப் போராடும் குழந்தையைத் தராசில் வைக்க நேரமேது? அமெரிக்க டாக்டர் ஜேம்ஸ் புரோஸ்லோ 1980களில் இதற்கு ஒரு வழி கண்டார். தையற்காரரின் நாடாவைப் போல ஒரு வண்ண நாடா. குழந்தையைத் தலை முதல் குதிகால் வரை அதனால் அளக்க வேண்டும். குதிகால் எந்த நிறத்தில் நிற்கிறதோ, அங்கேயே எடையும் மருந்தளவும் குழாயளவும் அச்சிட்டிருக்கும்.

ஒரு சிக்கல். நம் குழந்தைகள் அதே உயரத்தில் எடை குறைந்தவர்கள். பத்துக் கிலோவுக்கு மேற்பட்ட இந்தியக் குழந்தைகளுக்கு அந்த நாடா நூற்றுக்குப் பத்துக்கு மேல் கூடுதலாகக் காட்டுகிறது என்று 2008இல் ஓர் ஆராய்ச்சி சொன்னது. நாடாவை வாங்கி வைத்தால் மட்டும் போதாது. இந்த வித்தியாசம் இரவு நேர டாக்டருக்கும் நர்சுக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

தமிழ்நாடு அரசின் விபத்து, அவசர சிகிச்சைத் திட்டத்தில் குழந்தைகளின் உயிர்காப்பும் ஒரு பிரிவு. வருகிறவர்களைச் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பிரிக்கிறார்கள். சிவப்பு என்றால் உடனே சிகிச்சை, சீட்டெல்லாம் பிறகு.

வீட்டிலும் ஒரு வேலை உண்டு. எடையைச் சொன்னால் கண் படும் என்று சில பாட்டிமார் தயங்குவார்கள். டாக்டரிடம் சொன்னால் கண் படாது! தடுப்பூசி அட்டையில் கடைசியாக எழுதிய எடையைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். 108க்குப் போன் செய்யும்போதே அந்த அட்டையை எடுத்துக்கொள்ளலாம்.