வேலிக்குள் ஒரு மளிகைக்கடை

மிலிட்டரி கேன்டீன் என்றால் நம் ஊரில் யாருக்கும் விளக்கம் தேவையில்லை. தெருவில் ஒரு முன்னாள் ராணுவத்தினர் குடியிருந்தால் போதும், சோப்பு முதல் பிரஷர் குக்கர் வரை ‘கேன்டீன் விலை’ என்ன என்பது அக்கம்பக்கம் முழுக்கத் தெரிந்திருக்கும். ரம் பாட்டிலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். இந்தியாவில் இந்தச் சரக்கெல்லாம், 1948-இல் தொடங்கப்பட்டு மும்பையிலிருந்து இயங்கும் கேன்டீன் ஸ்டோர்ஸ் டிபார்ட்மென்ட் என்ற ஒரே துறை வழியாக வருகிறது. அமெரிக்க ராணுவத்தில் அதே வேலையை இரண்டு தனித்தனி ஏற்பாடுகள் செய்கின்றன. ஒன்று மளிகைக்கடை, அதன் பெயர் கமிசரி. மற்றொன்று துணிமணி, டிவி, காலணி, கட்டில், மெத்தை என்று மீதி எல்லாவற்றையும் விற்கும் எக்ஸ்சேஞ்ச். தரைப்படையினர் அதை பிஎக்ஸ் என்பார்கள்.

பெரிய தளங்களில் இரண்டும் பெரும்பாலும் ஒரே வாகன நிறுத்தத்தைச் சுற்றி நிற்கும். வெளியாள் பார்த்தால் இரண்டும் ஏதோ ஒரு நிறுவனத்தின் கிளைகள் என்றுதான் நினைப்பார். ஆனால் இரண்டிலும் பணம் ஓடும் திசை நேர் எதிர். அதைத் தெரிந்துகொள்ளாமல் இந்தச் சலுகை பெரிதா சிறிதா என்று பேசுவதில் பயனில்லை.

கமிசரி லாபத்துக்காக நடப்பதல்ல. டிஃபென்ஸ் கமிசரி ஏஜென்சி என்ற அரசு அமைப்பு, வர்ஜீனியாவில் இருக்கும் ஃபோர்ட் லீ தளத்திலிருந்து, 13 நாடுகளில் சுமார் 235 கடைகளை நடத்துகிறது. சரக்கு வந்த விலைக்கே விற்க வேண்டும் என்பதுதான் நெடுங்காலம் அடிப்படை விதியாக இருந்தது. பில் போட்டு முடித்ததும் அடியில் 5 சதவீதம் கூடுதல் கட்டணம் ஒன்று சேரும். 1983 முதல் அது 5 சதவீதம்தான். புதுக் கடை கட்டுவதற்கும், பழைய கடையைப் புதுப்பிப்பதற்கும், குளிர்பதனப் பெட்டி மாற்றுவதற்கும் அந்தப் பணம் போகிறது. அப்படியானால் ஊழியர் சம்பளம்? மின்கட்டணம்? கப்பல் கூலி? அதையெல்லாம் வரிப்பணம் சுமக்கிறது. நாடாளுமன்றமான காங்கிரஸ் ஆண்டுதோறும் இதற்கென 100 கோடி டாலருக்கு மேல் ஒதுக்குகிறது. விலை குறைவாக இருப்பதற்குக் காரணம் கொள்முதல் சாமர்த்தியம் மட்டுமல்ல. கடை நடத்தும் செலவு வாங்குபவர் தலையில் விழுவதில்லை, அதுதான் முக்கியம்.

எக்ஸ்சேஞ்ச் இதற்கு மாறாக லாபம் வைத்தே விற்கிறது. தரைப்படைக்கும் விமானப்படைக்கும் சேர்த்து ஒரு பெரிய அமைப்பு டெக்சஸ் மாநிலம் டல்லாஸிலிருந்து இதை நடத்துகிறது. கடற்படைக்கும் மரைன் படைக்கும் கடலோரக் காவல் படைக்கும் தனித்தனி அமைப்புகள் உண்டு. ஊழியர் சம்பளமும் சரக்குக்கான முதலும் விற்பனை வருமானத்திலிருந்தே வருகின்றன. மிஞ்சும் லாபத்துக்குப் பங்குதாரர் யாரும் இல்லை. அதில் ஒரு பகுதி கடைகளைப் புதுப்பிக்கவும், இன்னொரு பெரும் பகுதி தளத்திலுள்ள நீச்சல் குளம், உடற்பயிற்சிக் கூடம், இளைஞர் மையம் போன்றவற்றுக்கும் போய்விடுகிறது. சினிமா கொட்டகை, முடிதிருத்தகம், பர்கர் கடை, வெளிநாட்டுத் தளப் பள்ளிகளில் மதிய உணவு என்று இந்த அமைப்பு கைவைக்காத தொழில் குறைவு.

எக்ஸ்சேஞ்சில் வாங்குபவருக்கு என்ன லாபம்? மாநில விற்பனை வரி கிடையாது. ராணுவத் தளக் கடை மத்திய அரசின் உறுப்பு என்பதால் மாநில அரசு அதன் விற்பனைமேல் வரி போட முடியாது. அமெரிக்காவில் சில ஊர்களில் மாநில வரியும் உள்ளூர் வரியும் சேர்ந்து 9, 10 சதவீதம்வரை போகும். ஆயிரம் டாலர் டிவியில் இது கண்ணுக்குத் தெரிகிற தொகை. அரிசி, பால், ரொட்டி விஷயத்தில் அவ்வளவு தெரியாது, ஏனென்றால் பல மாநிலங்கள் மளிகைக்கு வரியே போடுவதில்லை. ‘வரி இல்லை’ என்ற பெருமை பிஎக்ஸுக்குப் பொருந்துகிற அளவு கமிசரிக்குப் பொருந்தாது.

இந்த ஏற்பாடு யாருடைய தாராள மனதிலிருந்தும் பிறந்ததல்ல. சிப்பாயைச் சுரண்டிய வியாபாரிகளின் கதை அதற்குப் பின்னால் இருக்கிறது. அமெரிக்க உள்நாட்டுப் போர்க் காலத்தில் படைகளின் பின்னாலேயே சட்லர் எனப்பட்ட தனியார் வியாபாரிகள் வண்டி கட்டிக்கொண்டு போனார்கள். புகையிலை, பிஸ்கட், பழக் கேக், பதப்படுத்திய பால் எல்லாம் அவர்களிடம் கிடைக்கும். பக்கத்தில் வேறு கடை இல்லை என்பது அவர்களுக்கும் தெரியும், சிப்பாய்க்கும் தெரியும். விலை அதற்கேற்ப இருந்தது. கையில் காசில்லாதவருக்குக் கடனும் கொடுத்துச் சம்பள நாளில் பிடித்துக்கொண்டார்கள். புகார் மேல் புகார் வந்து, 1866-இல் காங்கிரஸ் இந்த முறையை ஒழித்தது. அதே ஆண்டு போட்ட சட்டத்தின்படி 1867 ஜூலை 1 முதல் ராணுவத்தின் உணவுக் கிடங்கே அதிகாரிகளுக்கும் சாதாரண சிப்பாய்களுக்கும் அடக்க விலைக்கு விற்கத் தொடங்கியது. இன்றைய கமிசரி அந்த நாளைத்தான் தன் பிறந்தநாளாகச் சொல்லிக்கொள்கிறது. அதற்கு முன்பு, 1825 முதலே சில இடங்களில் அதிகாரிகளுக்கு மட்டும் அந்த வசதி இருந்தது.

மளிகை இப்படித் தப்பியது. மற்ற சாமான்களுக்குத் தனியார் வியாபாரியே தொடர்ந்தார், ‘போஸ்ட் டிரேடர்’ என்ற புதுப் பெயரில். எல்லைக் கோட்டைகளில் கடை வைக்கும் உரிமை யாருக்கு என்பதை 1870 முதல் போர்த்துறை அமைச்சரே முடிவு செய்தார். அதிலிருந்து பிறந்தது அமெரிக்க வரலாற்றின் பெரிய ஊழல்களில் ஒன்று. அமைச்சர் வில்லியம் பெல்க்னாப், ஃபோர்ட் சில் கோட்டையின் உரிமையை மார்ஷ் என்ற நியூயார்க் நண்பருக்குக் கொடுக்க முன்வந்தார். அங்கே ஏற்கெனவே எவான்ஸ் என்பவர் கடை நடத்திக்கொண்டிருந்தார். அவரை எழுப்பாமல் விடுவதற்கு ஆண்டுக்கு 12,000 டாலர் கப்பம் என்று பேசி முடித்தார் மார்ஷ். அதில் பாதி அமைச்சர் வீட்டுக்குப் போனது. எவான்ஸ் அந்தப் பணத்தைத் தன் சட்டைப்பையிலிருந்தா கொடுத்திருப்பார்? கோட்டையிலிருந்த சிப்பாய் வாங்கிய ஒவ்வொரு பொருளின் விலையிலும் அது ஏறியது. 1876 மார்ச் 2 அன்று விஷயம் வெடித்தபோது, பிரதிநிதிகள் சபை பதவிநீக்கத் தீர்மானம் போடுவதற்குச் சற்று முன்பாக அதிபர் கிராண்டிடம் ஓடிப்போய் ராஜினாமா கொடுத்துவிட்டார் பெல்க்னாப். சபை அப்படியும் விடாமல் தீர்மானத்தை நிறைவேற்றியது. செனட்டில் பெரும்பான்மையோர் அவர் குற்றவாளி என்றே வாக்களித்தார்கள், ஆனால் மூன்றில் இரண்டு பங்கு சேரவில்லை. தப்பித்தார்.

பிறகு 1880-களில் சிப்பாய்களே கூடி நடத்தும் கேன்டீன்கள் சில முகாம்களில் முளைத்தன. 1895 ஜூலை 25 அன்று போர்த்துறை வெளியிட்ட 46-ஆம் எண் பொது ஆணை, ஒவ்வொரு முகாமிலும் எக்ஸ்சேஞ்ச் தொடங்கச் சொன்னது. லாபம் வெளியே போகாமல் சிப்பாய்களின் நலனுக்கே திரும்ப வேண்டும் என்ற எண்ணம் அதில் இருந்தது. 1901-இல் மதுவிலக்கு இயக்கத்தினரின் நெருக்கடியால் அங்கே பீர் விற்பதைக் காங்கிரஸ் தடை செய்தது ஒரு கிளைக்கதை.

இந்தக் கடைகளின் உண்மையான பலத்தைப் பார்க்க அமெரிக்காவுக்கு வெளியே போக வேண்டும். ஜப்பானின் ஒகினாவாவிலோ ஜெர்மனியின் ராம்ஸ்டைனிலோ தென்கொரியாவின் கேம்ப் ஹம்ஃப்ரீஸிலோ இருக்கும் குடும்பம், சொந்த ஊரில் வாங்கிய அதே காலை உணவுப் பொட்டலத்தை, ஏறக்குறைய அதே விலைக்கு, டாலரிலேயே வாங்குகிறது. கடல் தாண்டும் கூலியை அரசு ஏற்பதால் இது முடிகிறது. பாலும் காய்கறியும் உள்ளூரில் வாங்கப்படுவதால் அவற்றின் விலை மட்டும் இடத்துக்கு இடம் மாறும். குழந்தைக்குப் பழகிய பால்மாவு, அலர்ஜி உள்ளவருக்கு எழுத்து புரிகிற உறை, யென்னோ யூரோவோ ஏறினாலும் அசையாத பில் — இவற்றுக்கெல்லாம் சதவீதக் கணக்கு போட முடியாது.

சில்லறைக் காசு ஒரு தனிச் சங்கடம். வெளிநாட்டு எக்ஸ்சேஞ்சுகளில் ஒரு சென்ட் நாணயம் புழங்குவதில்லை, பில் தொகை ஐந்தின் மடங்குக்கு மாற்றப்படும். ஆப்கானிஸ்தான், ஈராக் போர் முனைகளுக்கு உலோக நாணயங்களை விமானத்தில் சுமந்து போவது வீண் பாரம் என்பதால், 2001 இறுதியிலிருந்து 5, 10, 25 சென்ட் மதிப்புள்ள அட்டை வட்டங்களை எக்ஸ்சேஞ்ச் அச்சிட்டு மீதிச் சில்லறையாகக் கொடுத்தது. ‘பாக்’ என்பது அவற்றின் செல்லப் பெயர். இன்று சேகரிப்பாளர்கள் அவற்றைத் தேடி வாங்குகிறார்கள்.

மலிவான சரக்கு வேலிக்குள்ளேயே நின்றுவிடுமா? எந்த நாட்டிலும் நின்றதில்லை. கொரியப் போருக்குப் பின் அமெரிக்கத் தளங்களிலிருந்து கசிந்த ஸ்பாம் டின்னும் சாசேஜும் உய்ஜோங்பு நகரில் கிம்ச்சியோடு கொதித்து, ‘பூதே ஜிகே’ என்ற குழம்பாகி, இன்று கொரியாவின் பிரபல உணவாகவே நிலைத்துவிட்டது. கள்ளச் சந்தைக்குப் போகாமல் இருக்கத்தான் அந்நாட்டுத் தளங்களில் ஒருவர் இவ்வளவுதான் வாங்கலாம் என்று அளவு வைத்தார்கள். வாங்கியதை மறுவிற்பனை செய்தால் கடைக்குள் நுழையும் உரிமையே பறிபோகும்.

சரி, சலுகையின் மதிப்பு எவ்வளவு? அரசு சொல்லும் இலக்கு 25 சதவீத மிச்சம். 2022-இல் பாதுகாப்பு அமைச்சர் லாயிட் ஆஸ்டின், விலைவாசி ஏறியிருந்த சமயத்தில், கூடுதல் நிதி கொடுத்து அந்த அளவை எட்டச் சொன்னார். கணக்கு இப்படி: கமிசரியில் 100 டாலர் சாமான், கூடுதல் கட்டணத்தோடு 105. அதே கூடை வெளியே 140 டாலர் ஆனால் மிச்சம் 35 டாலர், அதாவது கால் பங்கு.

ஆனால் இது சராசரி, சராசரியை யாரும் சமைத்துச் சாப்பிட முடியாது. அதே பிராண்டை வெளியிலும் வாங்கியிருப்பார் என்று வைத்துக்கொண்டால்தான் இந்தக் கணக்கு நிற்கும். வால்மார்ட்டின் சொந்தப் பெயர் சரக்கை வாங்கிப் பழகியவருக்கு மிச்சம் வெகுவாகச் சுருங்கிவிடும். இதைப் புரிந்துகொண்டே, பழைய அடக்க விலை விதியைக் காங்கிரஸ் தளர்த்தியது. 2017 முதல் கமிசரியும் ஊருக்கு ஊர் விலையை மாற்றிக்கொள்ளவும், சொந்தப் பெயரில் சரக்கு விற்கவும் தொடங்கியது.

ஒரு பெரிய டெக்சஸ் நகரத்துக்குப் பக்கத்தில் பணியாற்றும் தனியாள் சிப்பாய்க்கு இந்தச் சலுகை அவ்வளவு பெரிதல்ல என்பது என் கருத்து. அவர் பெரும்பாலும் படையின் உணவுக்கூடத்தில் சாப்பிடுபவர். அலாஸ்காவிலோ ஹவாயிலோ குவாமிலோ மூன்று பிள்ளைகளோடு இருக்கும் கீழ்நிலைச் சம்பளக்காரருக்கு இது கிட்டத்தட்ட ஒரு சம்பள உயர்வு. இங்கே ஒரு கசப்பான புள்ளிவிவரத்தையும் சொல்ல வேண்டும். 2020-இல் பாதுகாப்புத் துறையே எடுத்த கணக்கெடுப்பில், பணியிலுள்ள படையினரில் 24 சதவீதம் பேர் உணவுப் பாதுகாப்பு இல்லாத நிலையை அனுபவித்திருப்பது தெரிந்தது. உலகின் மிகப் பெரிய ராணுவ பட்ஜெட் உள்ள நாட்டில் இந்த நிலை. கமிசரிகளில் அரசின் உணவு உதவி அட்டைகளும், கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்குமான உதவித் திட்டமும் செல்லும். மலிவு விலைக் கடை மட்டும் பசியைத் தீர்த்துவிடவில்லை என்பதற்கு அதுவே சாட்சி.

கணக்கில் வராத இன்னொரு பலன் வேலை. இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை ஊர் மாறும் ராணுவ வீட்டில், கணவனோ மனைவியோ வெளியே நிலையான வேலை பிடிப்பது கடினம். கமிசரியிலும் எக்ஸ்சேஞ்சிலும் வேலை பார்ப்பவர்களில் பலர் அப்படிப்பட்டவர்கள்தான். கூடவே ஒரு விசித்திரம்: கமிசரியில் சாமானைப் பையில் அடுக்கி, கார் வரை தள்ளி வந்து ஏற்றிக் கொடுப்பவர்களுக்குக் கடை ஒரு சென்ட்கூடச் சம்பளம் தருவதில்லை. வாடிக்கையாளர் கொடுக்கும் டிப்ஸ்தான் அவர்களுடைய மொத்த வருமானம்.

யார் உள்ளே வாங்கலாம் என்ற வட்டம் மெல்ல விரிந்திருக்கிறது. பணியில் இருப்பவர்கள், ஓய்வூதியம் பெறுவோர், ரிசர்வ் படையினர், அவர்களுடைய குடும்பத்தினர் என்றிருந்தது. 2017 நவம்பர் 11 முதல் கௌரவமாக விடைபெற்ற எல்லா முன்னாள் படையினரும் எக்ஸ்சேஞ்சின் இணையக் கடையில் வாங்கலாம் என்றானது. 2020 ஜனவரி 1 முதல், பணியினால் உடல் பாதிப்பு அடைந்தோர், பர்ப்பிள் ஹார்ட் பதக்கம் பெற்றோர், போர்க் கைதியாக இருந்தோர், அவர்களைப் பராமரிக்கப் பதிவு செய்துகொண்டோர் ஆகியோருக்குக் கமிசரிக் கதவும் திறந்தது.

வரிப்பணத்தில் நிற்கும் கடை அரசியலுக்கும் கட்டுப்பட்டது. 2013 அக்டோபரில் அரசு முடங்கியபோது அமெரிக்காவுக்குள் இருந்த கமிசரிகள் சில நாள் பூட்டப்பட்டன. பூட்டுவதற்கு முந்தைய நாள் வரிசை கடையைச் சுற்றி வளைத்தது. லாபத்தில் ஓடும் எக்ஸ்சேஞ்சுகள் திறந்தே இருந்தன. இரண்டையும் இணைக்கலாம், தனியாரிடம் கொடுக்கலாம் என்ற யோசனைகள் அவ்வப்போது கிளம்புகின்றன. 2025-இல்கூட உள்நாட்டுக் கமிசரிகளைத் தனியார் நடத்த முடியுமா என்று பாதுகாப்புத் துறை நிறுவனங்களிடம் விசாரித்தது. பெல்க்னாப் கதையைப் படித்த எவரும் அந்த யோசனையைச் சந்தேகத்தோடுதான் பார்ப்பார்கள், நானும் அப்படித்தான். அமெரிக்கச் சட்டத் தொகுப்பின் 10-ஆம் தலைப்பு, உலகம் முழுவதற்கும் ஒரு கமிசரி அமைப்பும் அதிலிருந்து பிரிந்த ஒரு எக்ஸ்சேஞ்ச் அமைப்பும் இருக்க வேண்டும் என்று சொல்கிறது. அந்த வரி இருக்கும்வரை, காங்கிரஸைக் கேட்காமல் அமைச்சர் ஒருவர் மட்டும் இதைக் கலைத்துவிட முடியாது.